அகப்பக்கத்திற்கும் மறுநடவு உண்டு: பிஎச்பி பதிப்பைப் பாதுகாப்பாக மாற்றும் வழி

கவிதையும் சிறுகதையும் ஆய்வும் இடம்பெறும் ஆண்டிதழில் கணினி நிரல்மொழி பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், நம் கழகங்கள், ஆலயங்கள், முன்னாள் மாணவர் சங்கங்கள் ஆகியவற்றின் வரலாறு இன்று பெரும்பாலும் தாளில் இல்லை, இணையத்தில்தான் இருக்கிறது. அந்த வரலாறு ஒரே இரவில், அதுவும் நம் கையாலேயே, அழிந்துபோகக் கூடும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த அனுபவத்தைப் பகிர்ந்துகொள்வதும், அதே தவற்றை மற்றவர் செய்யாதிருக்க வழி சொல்வதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவன். பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளியில் கணினி அறிவியலை மலாய் மொழியில் படித்தேன். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படிக்கிறேன். இவற்றைத் தமிழில் எழுதுவது எனக்கு இதுவே முதல் முறை. குறையிருப்பின் பொறுத்தருள்க.

ஒரு தோட்டமும் ஓர் அகப்பக்கமும்

மலாக்கா மாநிலத்திற்கும் பால்மரத்திற்கும் உள்ள உறவு பழையது. 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கில் நடப்பட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே என்பர். அதன் பிறகு ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, தெபோங் என்று மாநிலமெங்கும் தோட்டங்கள் பெருகின. நம் முன்னோர் அவற்றில் பால் வெட்டினர். பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்களில் இருந்தவர்கள் பட்டணத்துத் தாமான்களுக்குப் பெயர்ந்தனர்.

ஜாசின் வட்டாரத்தில் என் தாத்தா பால் வெட்டிய தோட்டத்தின் கதையும் அதுதான். இன்று அங்கே லயம் இல்லை, ஆயாக்கொட்டகை இல்லை, பெரட்டுக்களம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. அத்தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் 2007ஆம் ஆண்டில் ஓர் அகப்பக்கம் தொடங்கினர். பழைய படங்கள், பள்ளி விளையாட்டுப் போட்டிச் செய்திகள், இரங்கல் குறிப்புகள் ஆகியவற்றோடு ஒரு பட்டியலும் அதில் இருந்தது. எந்த லயத்தில், எந்த வீட்டில், யார் குடியிருந்தார்கள் என்ற பெயர்ப் பட்டியல். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. லயத்திற்கு ஒரு பக்கமாக ஐந்து பக்கங்கள். அவரிடம் கேட்கப்பட்ட பெரியவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை.

இந்த அகப்பக்கத்தை உருவாக்கிய அண்ணன் ஜொகூரில் வேலைக்குப் போய்விட்டார். "கணினி படிக்கிற பையன்" என்ற ஒரே தகுதியால் அதன் சாவி என் கைக்கு வந்தது.

என்ன நடந்தது?

2024ஆம் ஆண்டில் எங்களுக்கு வழங்கி இடம் வாடகைக்குத் தரும் நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. "உங்கள் அகப்பக்கம் பிஎச்பி 5.6 பதிப்பில் ஓடுகிறது. மாத இறுதியில் அந்தப் பதிப்பை நீக்குகிறோம். புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள்" என்பது அதன் சாரம். கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்தேன். பதிப்பு எண்ணைத் தேர்ந்தெடுக்கும் சிறு பட்டியல் இருந்தது. 8.2 என்பதைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினேன். ஐந்து விநாடி வேலை.

அகப்பக்கம் வெள்ளைத் தாளாகிவிட்டது.

பிழைப் பதிவேட்டைப் பார்த்தபோது, தரவுத்தளத்தோடு இணைக்கும் பழைய கட்டளைகள் புதிய பதிப்பில் இல்லை என்று தெரிந்தது. அவற்றுக்குப் பதிலாக வந்த புதிய கட்டளைகளை இணையத்தில் தேடி, கோப்பு கோப்பாக மாற்றினேன். இடையில் ஒரு வரி மட்டும் பிழை தந்துகொண்டே இருந்தது. அது என்ன செய்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அதை நீக்கிவிட்டேன். அகப்பக்கம் திறந்தது. ஆனால், தமிழ் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறிகள்!

எழுத்துரு கோளாறு என்று நினைத்தேன். ஒரு பக்கத்தைத் திருத்தும் படிவத்தில் திறந்து, மீண்டும் சேமித்தால் சரியாகிவிடும் என்று சேமித்துப் பார்த்தேன். சரியாகவில்லை. அடுத்த பக்கத்தில் முயன்றேன். அதற்கடுத்த பக்கத்திலும் முயன்றேன். பிறகு, "பராமரிப்புப் பணி நடைபெறுகிறது" என்ற அறிவிப்பைப் போட்டுவிட்டுத் தேர்வுக்குப் படிக்கப் போனேன்.

பன்னிரண்டு நாள் கழித்து அண்ணனுக்குத் தொலைபேசியில் அழைத்தேன்.

"தம்பி, முதல்ல கைய எடு. ஒண்ணும் தொடாதே. காப்பு நகல் எடுத்து வச்சிருக்கியா?"

"இல்லண்ணே."

மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை.

நான் புரியாமல் நீக்கிய அந்த ஒரு வரியை அண்ணன் புதிய முறைப்படி எழுதித் தந்தார். உடனே பழைய பக்கங்களில் தமிழ் திரும்பி வந்தது. மூன்று பக்கங்களில் மட்டும் வரவில்லை. நான் திறந்து சேமித்த அந்த மூன்று பக்கங்கள்! முதல் மூன்று லயங்களின் பெயர்ப் பட்டியல். நிறுவனத்திடம் பழைய நகல் கேட்டோம். அவர்கள் ஏழு நாள் நகலை மட்டுமே வைத்திருப்பார்களாம். நானோ பன்னிரண்டு நாள் சும்மா இருந்துவிட்டேன்.

பதிப்பு ஏன் மாறுகிறது?

அகப்பக்கங்களில் இரண்டு வகை உண்டு. எழுதி வைத்தது எழுதியபடியே வருவது ஒரு வகை. வாசகர் கேட்கும்போது வழங்கியில் ஒரு நிரல் ஓடி, தரவுத்தளத்திலிருந்து செய்தியை எடுத்து, பக்கத்தை அப்போதே கட்டித் தருவது இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகை நிரல்களை எழுதப் பயன்படும் மொழிகளுள் பரவலானது பிஎச்பி. வேர்ட்பிரஸ் போன்ற புகழ்பெற்ற மென்பொருள்களும் இதில்தான் எழுதப்பட்டுள்ளன.

ராஸ்மஸ் லெர்டோர்ஃப் என்பவர் 1994ஆம் ஆண்டில் தம் சொந்த அகப்பக்கத்திற்காக இதைத் தொடங்கி, 1995இல் பொதுவில் வெளியிட்டார். 1998இல் பதிப்பு 3, 2000இல் பதிப்பு 4, 2004இல் பதிப்பு 5 என்று அது வளர்ந்தது. உலக மொழிகளின் எழுத்துகளையெல்லாம் மொழியின் உள்ளேயே யூனிகோடு முறையில் கையாள வேண்டும் என்ற பெருந்திட்டத்தோடு பதிப்பு 6 தொடங்கப்பட்டது. அத்திட்டம் 2010இல் கைவிடப்பட்டது. எனவே 5க்குப் பிறகு நேரே 7 வந்தது. அது வெளியானது 2015 டிசம்பரில். பதிப்பு 8, 2020 நவம்பரில் வந்தது.

ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் உண்டு. தற்போதைய நடைமுறைப்படி, வெளியான முதல் இரண்டு ஆண்டுகள் எல்லாப் பிழைகளும் திருத்தப்படும். அடுத்த இரண்டு ஆண்டுகள் பாதுகாப்பு ஓட்டைகள் மட்டும் அடைக்கப்படும். அதன் பிறகு எதுவும் இல்லை. எங்கள் அகப்பக்கம் ஓடிய 5.6, 2014 ஆகஸ்டில் வெளியாகி, 2018 டிசம்பர் 31ஆம் நாளோடு ஆதரவை இழந்த பதிப்பு. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டையை அம்மொழியை உருவாக்குபவர்கள் அடைப்பதில்லை. பூட்டு உடைந்த வீட்டில் குடியிருப்பது போன்றதுதான் இது. ஆகவே, பதிப்பை மாற்றச் சொன்ன நிறுவனத்தின் மீது எனக்குக் கோபமில்லை. மாற்றத்தான் வேண்டும். எப்படி மாற்றுவது என்பதே கேள்வி.

மாற்றினால் எது உடையும்?

உடைவதை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, நீக்கப்பட்ட கட்டளைகள். பழைய மைஎஸ்கியூஎல் இணைப்புக் கட்டளைகள் பதிப்பு 7.0இல் அடியோடு நீக்கப்பட்டன. அவற்றுக்கு மாற்றாக மைஎஸ்கியூஎல்ஐ, பிடிஓ என்ற இரண்டு வழிகள் உள்ளன. சொற்கோவையைத் தேடும் பழைய 'எரெக்' கட்டளைகளும் 7.0இல் போயின. 'ஈச்', 'கிரியேட் ஃபங்ஷன்' ஆகியவை 8.0இல் போயின. இவ்வகை உடைப்பு கண்ணுக்கு உடனே தெரியும். பக்கம் நின்றுவிடும்.

இரண்டாவது, கண்டிப்பு. பழைய பதிப்புகள் நம் சோம்பலைப் பொறுத்துக்கொண்டன. எண்ணாக இல்லாத சொல்லைப் பெருக்கச் சொன்னால் பேசாமல் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். பதிப்பு 8 அப்படிச் செய்வதில்லை. பிழை என்று சொல்லி நின்றுவிடும். இதுவும் நல்லதே. தவறு வெளியே தெரிகிறது.

மூன்றாவதுதான் ஆபத்தானது. கட்டளை அப்படியே இருக்கும். பிழைச் செய்தி வராது. ஆனால் விடை மாறியிருக்கும். பதிப்பு 7 வரையில், வெற்றுச் சொல்லையும் பூஜ்யத்தையும் ஒப்பிட்டால் இரண்டும் சமம் என்ற விடை வரும். பதிப்பு 8இல் சமமில்லை என்று வரும். எங்கள் பட்டியலில் பிறந்த ஆண்டு தெரியாத பெரியவர்களுக்கு அந்தக் கட்டம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. 'ஆண்டு பூஜ்யத்துக்குச் சமமானால், ஆண்டு தெரியவில்லை என்று அச்சிடு' என்பது நிரல். பழைய பதிப்பில் அது சரியாக அச்சிட்டது. புதிய பதிப்பில் 'பிறந்த ஆண்டு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. எந்தப் பதிவேட்டிலும் இது பிழையாக ஏறாது. மனிதக் கண்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தமிழுக்கென்று தனிக் கவனம்

ஆங்கில நூல்களில் சுருக்கமாகவே சொல்லப்படும் இந்தப் பகுதி நமக்கு மிக முக்கியம்.

'முனியம்மா' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். நாம் எண்ணினால் மு, னி, ய, ம், மா என ஐந்து எழுத்து. யூனிகோடு முறையில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதால் அது ஒன்பது குறி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் தேவை என்பதால், வழங்கியில் அது இருபத்தேழு பைட். பிஎச்பியின் சாதாரண நீளக் கட்டளை இருபத்தேழு என்றுதான் சொல்லும். ஒன்பது என்ற விடை வேண்டுமானால் எம்பிஸ்டிரிங் என்ற நீட்சி வேண்டும். ஐந்து என்ற விடை வேண்டுமானால் இன்டெல் என்ற நீட்சி வேண்டும். பதிப்பை மாற்றும்போது, பழைய பதிப்பில் நாம் இயக்கி வைத்த நீட்சிகள் புதிய பதிப்பிலும் தாமாக இயங்கும் என்று நம்பக் கூடாது. வழங்கியைப் பொறுத்து அவற்றை மீண்டும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது, குறியேற்றம். 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் தமிழ்ப் பக்கங்கள் பல திஸ்கி முதலான எட்டு பிட் முறைகளில் இருந்தன. பிஎச்பியோ எல்லாம் யூடிஎஃப்-8 என்று கருதிக்கொள்ளும் பக்கம் நகர்ந்துவிட்டது. பக்கத்தில் சொற்களைப் பாதுகாப்பாக அச்சிடப் பயன்படும் 'எச்டிஎம்எல் ஸ்பெஷல் சார்ஸ்' என்ற கட்டளை, 2012இல் வந்த 5.4 பதிப்பிலிருந்து யூடிஎஃப்-8ஐயே இயல்பாக எடுத்துக்கொள்கிறது. திஸ்கியில் உள்ள வரியைக் கொடுத்தால் அது செல்லாத யூடிஎஃப்-8 என்று கண்டு, வெற்றுச் சொல்லைத் திருப்பித் தந்துவிடும். பத்தி முழுவதும் மாயமாகும். பிழைச் செய்தி இருக்காது. 8.1 பதிப்பிலிருந்து வெறுமைக்குப் பதிலாக, செல்லாத இடங்களில் கேள்விக்குறி பொறித்த கறுப்புச் சாய்சதுரங்கள் தெரியும். பழைய மலர்களை இணையத்தில் வைத்திருக்கும் கழகங்கள் முதலில் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிட்டுப் பிறகு பதிப்பில் கை வைப்பது நல்லது.

மூன்றாவது, நான் மாட்டிக்கொண்ட இடம். பிஎச்பிக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே ஓர் இணைப்பு உண்டு. அந்த இணைப்பு எந்தக் குறியேற்றத்தில் பேசுகிறது என்பதை நிரல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வழங்கியின் இயல்பு அமைப்பே நடைமுறைக்கு வரும். மைஎஸ்கியூஎல் 8.0, 2018இல் வரும் வரையில் அந்த இயல்பு அமைப்பு 'லத்தீன்1'. அதில் தமிழ் எழுத்துக்கு இடமே இல்லை. எனவே, தரவுத்தளத்தில் தமிழ் நலமாக இருந்தாலும், இணைப்பைக் கடக்கும்போது ஒவ்வொரு குறியும் ஒரு கேள்விக்குறியாகிவிடும். நான் புரியாமல் நீக்கிய வரி இந்த இணைப்புக்கு 'யூடிஎஃப்-8இல் பேசு' என்று சொன்ன வரி!

இங்கே ஒரு வேறுபாட்டை அனைவரும் நினைவில் கொள்ள வேண்டும். திரையில் தெரியும் கேள்விக்குறி வெறும் காட்சிதான். இணைப்பைச் சரிசெய்தால் தமிழ் திரும்பும். ஆனால், அந்தக் கேள்விக்குறியைப் படிவத்தில் வைத்துக்கொண்டு 'சேமி' என்று அழுத்தினால், கேள்விக்குறியே தரவுத்தளத்தில் எழுதப்படும். பிறகு எந்த வல்லுநராலும் மீட்க முடியாது. முனியம்மாவுக்கும் ஒன்பது கேள்விக்குறி; காளியம்மாவுக்கும் ஒன்பது கேள்விக்குறி. எது யார் என்று கணினிக்குத் தெரியாது.

தலையில் கோடும் புள்ளியும் போட்ட லத்தீன் எழுத்துகள் குவியலாகத் தெரிந்தால் அது வேறு நோய். அங்கே பைட்டுகள் பெரும்பாலும் அழிந்திருக்கமாட்டா. தவறாகப் படிக்கப்படுகின்றன, அவ்வளவே. பொறுமையாக இருந்தால் மீட்கலாம். எந்த நிலையிலும் முதல் விதி ஒன்றுதான்: தமிழ் சரியாகத் தெரியாத பக்கத்தைச் சேமிக்காதீர்கள்.

பாதுகாப்பான வழி

இந்த வழியை எனக்குப் புரிய வைத்தது தாத்தா சொன்ன ஒரு செய்தி. தோட்டத்தில் மறுநடவு என்றால், எல்லா மரத்தையும் ஒரே நாளில் சாய்க்கமாட்டார்களாம். புதுக் கன்று பால் தருவதற்கு ஆறு ஆண்டாவது ஆகும். அதுவரை தோட்டம் பிழைக்க வேண்டுமே! எனவே ஒரு பகுதியில் கன்று வளரும்போது மற்றப் பகுதியில் பால்வெட்டு நடக்கும். அகப்பக்கத்தையும் அப்படித்தான் மாற்ற வேண்டும். பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதைப் பக்கத்தில் வளர்க்க வேண்டும்.

முதல் படி, காப்பு நகல். கோப்புகள் ஒன்று, தரவுத்தளம் ஒன்று, இரண்டும் வேண்டும். தரவுத்தள நகலை யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டே எடுங்கள். எடுத்த நகலை ஓர் உரைத் தொகுப்பியில் திறந்து, தமிழ் தமிழாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு பிரதியை வழங்கிக்கு வெளியே, உங்கள் கணினியில் வையுங்கள். இன்னொன்று வேறொருவரிடம் இருக்கட்டும்.

இரண்டாம் படி, சோதனைத் தளம். அதே வழங்கியில் ஒரு துணை முகவரியை உருவாக்கி, கடவுச்சொல் போட்டுப் பூட்டி, நகலை அங்கே ஏற்றுங்கள். தரவுத்தளமும் தனியாக இருக்கட்டும். சீபேனல் போன்ற கட்டுப்பாட்டுப் பலகைகளில் முகவரிக்கு முகவரி பிஎச்பி பதிப்பைத் தனித்தனியே தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. எனவே மெய்யான தளம் பழைய பதிப்பில் ஓட, சோதனைத் தளம் புதிய பதிப்பில் ஓடலாம். எடுத்த நகல் உண்மையில் திறக்கிறது என்பதும் இந்தப் படியிலேயே உறுதியாகிவிடும்.

மூன்றாம் படி, படிப்படியாக ஏறுதல். 5.6இலிருந்து ஒரே தாவலாக 8க்குப் போக வேண்டாம். முதலில் 7.4க்குப் போங்கள். 8இல் நீக்கப்பட்டவற்றில் பலவற்றை 7.4 ஓடவிடும், ஆனால், 'இது வழக்கொழிகிறது' என்று எச்சரிக்கும். அந்த எச்சரிக்கைகளைச் சோதனைத் தளத்தில் முழுமையாக இயக்கி, ஒவ்வொன்றாகத் தீர்த்துவிட்டுப் பிறகு 8க்கு ஏறுங்கள். நிரலை ஓட்டாமலேயே படித்து, எந்த வரி எந்தப் பதிப்பில் உடையும் என்று சொல்லும் பிஎச்பி கம்பாட்டிபிலிட்டி என்ற இலவசக் கருவியும் உண்டு. உங்கள் தளம் வேர்ட்பிரஸ் என்றால், முதலில் வேர்ட்பிரஸையும் அதன் வார்ப்புருக்களையும் செருகிகளையும் புதுப்பித்துவிட்டு, பிறகு பிஎச்பியை மாற்றுங்கள். பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாத செருகி இருந்தால் அதுவே முதலில் உடையும்.

நான்காம் படி, கண்ணால் பார்த்தல். பக்கம் திறந்தது என்பதால் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு தாளில் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். பழைய தமிழ்ப் பதிவு சரியாகத் தெரிகிறதா? புதிய தமிழ்ப் பதிவை எழுதிச் சேமித்து, மீண்டும் திறந்தால் அதே தமிழ் வருகிறதா? தமிழில் தேடினால் கிடைக்கிறதா? செய்திச் சுருக்கத்தின் கடைசி எழுத்து பாதியில் வெட்டுப்படுகிறதா? வெறுமையாக விடப்பட்ட கட்டங்கள் எப்படித் தெரிகின்றன? படம் ஏற்றமுடிகிறதா? மின்னஞ்சல் போகிறதா? சோதனைத் தளத்தையும் மெய்யான தளத்தையும் அருகருகே திறந்து வைத்து ஒப்பிட, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். அவருக்குக் கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் படி, மாற்றும் நாள். திருவிழாவுக்கு முதல் நாள், தேர்வுக்கு முதல் வாரம் ஆகியவை வேண்டவே வேண்டாம். அந்த நேரத்தில் யாரும் புதிய பதிவு இடாதபடி சொல்லிவைத்துவிட்டு, கடைசியாக ஒரு காப்பு நகல் எடுத்துவிட்டு மாற்றுங்கள். கோளாறு வந்தால் அங்கேயே நின்று தோண்டாதீர்கள். பழைய கோப்புகளுக்கும் பழைய பதிப்புக்கும் உடனே திரும்பிவிட்டு, காரணத்தைச் சோதனைத் தளத்தில் நிதானமாகத் தேடுங்கள். மாறிய பிறகும் ஒரு வாரம் வரை பிழைப் பதிவேட்டைத் தினமும் படியுங்கள். நிறுவனம் பழைய பதிப்பை நீக்கும் கடைசி நாள்வரை காத்திருந்தால் இந்தத் திரும்பும் வழி அடைபட்டுவிடும். அறிவிப்பு வந்த அன்றே தொடங்குவதற்குக் காரணம் இதுதான்.

பெயர்கள் என்னவாயின?

அண்ணனின் யோசனைப்படி, பழைய அகப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் தேடினோம். எங்கள் அகப்பக்கத்தின் பழைய பிரதி ஒன்று கிடைத்தது. அதில் முதல் இரண்டு லயங்களின் பக்கங்கள் இருந்தன. மூன்றாம் லயத்தின் பக்கம் சேமிக்கப்பட்டிருக்கவில்லை.

மூன்றாம் லயத்தின் பக்கத்தை அச்சிட்டேன். முப்பத்தொரு வரி, எல்லாம் கேள்விக்குறி. அதை எடுத்துக்கொண்டு, பட்டியலை எழுதிய ஆசிரியர் ஐயாவிடம் போனேன். ஐயாவின் கையெழுத்துப் படி வீடு மாறும்போது காணாமல் போயிருந்தது. அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நிரைக்கு நிரை ஞாபகப்படுத்திப் பார்ப்போம், வாப்பா" என்றார். பிறகு ஜாசினிலும் மெர்லிமாவிலும் தாமான் வீடுகளில் இருக்கும் பாட்டிமார்களிடம் போனோம். அவர்கள் ஒரு பெயர் சொன்னால், நான் அதன் குறிகளை எண்ணுவேன். அந்த வரியில் உள்ள கேள்விக்குறிகளின் எண்ணிக்கையோடு ஒத்துவந்தால் எழுதிக்கொள்வோம். ஒத்துவராவிட்டால், "இல்ல பாட்டி, இன்னும் கொஞ்சம் நீளமான பேரு" என்பேன். பாட்டிமார் யோசிப்பார்கள். இப்படி இருபத்துமூன்று பெயர்கள் திரும்பின. எட்டு வரிகள் இன்னும் கேள்விக்குறிகளாகவே இருக்கின்றன.

அந்த எட்டு வரிகளையும் நான் நீக்கவில்லை. அங்கே எட்டுக் குடும்பங்கள் இருந்தன என்பதாவது தெரியட்டும்.

முடிவுரை

மலாக்காவில் மட்டுமன்று, நாடு முழுவதும் தமிழ்ப்பள்ளிகள், ஆலயங்கள், இளைஞர் மன்றங்கள் ஆகியவற்றின் அகப்பக்கங்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு 'கணினி படிக்கிற பிள்ளை'யின் கையில்தான் இருக்கின்றன. அந்தப் பிள்ளை பட்டம் பெற்றுப் போனதும் அடுத்தவர் கைக்கு மாறும். சாவி கைமாறும் அளவுக்கு விவரம் கைமாறுவதில்லை. ஆகவே நம் கழகங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பொறுப்பை ஒப்படைக்கும்போது கணக்குப் புத்தகத்தோடு ஒரு பக்கக் குறிப்பையும் ஒப்படையுங்கள். அகப்பக்கம் எந்த பிஎச்பி பதிப்பில் ஓடுகிறது, அதன் ஆதரவு எந்த ஆண்டு முடிகிறது, தரவுத்தளம் எந்தக் குறியேற்றத்தில் உள்ளது, கடைசிக் காப்பு நகல் எங்கே, யாரிடம் இருக்கிறது ஆகியவை அதில் இருக்கட்டும். புரியாத வரி இருந்தால் அதை நீக்காமல், எழுதியவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கமும் வளரட்டும்.

முன்னாள் மாணவர்களே, நீங்கள் அன்று உருவாக்கிய அகப்பக்கம் இன்று யார் கையில் இருக்கிறது என்று ஒருமுறை விசாரியுங்கள். உங்கள் தொலைபேசி எண்ணை அவரிடம் கொடுத்து வையுங்கள். என் அண்ணனின் எண் என்னிடம் இருந்தது. அழைக்கத்தான் பன்னிரண்டு நாள் தாமதித்துவிட்டேன்.